நீர்மாலைக்குப் போகாத வீடு

"பாளையக்காரர் எழுச்சிக்கான காரணங்களையும் விளைவுகளையும் விவரி" என்ற கேள்வியை என் வேலைக்காலம் முழுக்க ஏதாவது ஒரு பரீட்சையில் கேட்டுக்கொண்டே இருந்தேன். சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் காரணம் ஐந்து, விளைவு ஐந்து என்று எண் போட்டு எழுதுவார்கள். நவாபின் பெயரைச் சொல்லி வரி கேட்டு வந்த கம்பெனி, மழை பொய்த்த வருஷத்திலும் விடாமல் கேட்டது, பாளையக்காரர்களின் காவல் உரிமையில் கை வைத்தது என்று காரணங்கள் போகும். கோட்டைகளை இடித்தார்கள், இடித்த இடத்தில் ஆமணக்கு விதைத்தார்கள், ஈட்டியையும் வாளையும் பிடுங்கினார்கள், காவல்காரன் கூலிக்காரன் ஆனான் என்று விளைவுகள் போகும். முழு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பேன்.

எங்கள் ஊரில் இன்னொரு விளைவும் இருந்தது. அதை நான் கரும்பலகையில் எழுதியதில்லை. ஊரில் யார் செத்தாலும், எங்கள் வீட்டு ஆம்பிளைகள் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது.

ஊர் சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தியும் உளுந்தும் உண்டு, பெய்யாவிட்டால் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்புதான். ஊருக்கு மேற்கே ஆடு மேய்கிற ஒரு மண்மேடு இருக்கிறது. அதைக் கோட்டைமேடு என்போம். யாரும் விதைக்காமலே அங்கே இன்றைக்கும் ஆமணக்கு முளைக்கிறது.

செத்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருவதை எங்கள் பக்கம் நீர்மாலை என்று சொல்வோம். மற்ற ஊர்களில் பிள்ளைகளும் பங்காளிகளும் போவார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் போகவேண்டும். சங்கு ஊதி, கொட்டு அடித்து, தலைக்கு மேலே வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு குடத்தோடு ஊருணிக்குப் போய் வருவார்கள். கோட்டைக்குள் தாகத்தில் செத்தவர்களுக்கு அன்றைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க நாதியில்லை, அதனால் இனி இந்த ஊரில் சாகிறவர்களுக்கு ஊரே தண்ணீர் எடுக்கட்டும் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் வைத்த முறை என்பார்கள்.

கதை இதுதான். கம்பெனிக்காரன் பீரங்கியோடு வந்து கோட்டையைச் சுற்றிக்கொண்டான். மண் சுவர் குண்டை வாங்கி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டதே தவிர அசையவில்லை. கோட்டைக்குள் தெப்பம் என்று ஒரு சின்னக் குளம் இருந்தது. அதற்கு வெளியே இருக்கிற பெரிய குளத்திலிருந்து பூமிக்கு அடியில் ஒரு கால்வாய். அதன் மடையைத் திறந்து மூடுகிற வேலை எங்கள் பூட்டனுக்கும் பூட்டனான ஒருவருக்கு. அவர் போய் மடை இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டார். தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் கோட்டை விழுந்தது. காட்டிக் கொடுத்த கை இனிமேல் இந்த ஊரில் ஒரு பிணத்துக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஆயிற்று.

இதற்காக எங்களை யாரும் தள்ளி வைக்கவில்லை. பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டார்கள். வரப்புச் சண்டையில் கூட யாரும் இதைச் சொல்லிக் காட்டியதில்லை. நீர்மாலை புறப்படும்போது மட்டும் எங்கள் அப்பா தோளில் கிடக்கிற துண்டை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாகப் போய் நிற்பார். அதை யாரும் சொல்லவேண்டியதில்லை, அவருக்கே தெரியும். கெட்டவன் செய்தால் சட்டையைப் பிடிக்கலாம். நல்ல மனுஷர்கள் நல்ல முகத்தோடு செய்வதை என்ன செய்ய? அப்பா செத்தபோது ஊரே குடம் தூக்கியது. பெற்ற பிள்ளைகள் நானும் அண்ணனும் மட்டும் தூக்கவில்லை.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். கையெழுத்து போடுவார், அதுவும் ஒரு படம் வரைகிற மாதிரி. பஸ்ஸைக் கூட நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். நான் படித்து வேலைக்குப் போய் டவுனோடு இருந்துகொண்டேன். விசைத்தறி ஓடுகிற தெரு ஒன்றில் வீடு. அந்தத் தெருவில் எவனும் என்னை நீர்மாலைக்குக் கூப்பிடப் போவதில்லை, போகாதே என்று சொல்லப் போவதும் இல்லை. ஆகவே எனக்கு அது ஒரு பழைய கதையாகிவிட்டது. அண்ணனுக்கு அப்படி இல்லை. ஊரில் வருஷத்துக்கு எத்தனை சாவோ அத்தனை தடவை அவர் துண்டை மடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணனுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். பக்கத்துப் புஞ்சைக்காரர். இவர் அவரை மச்சான் என்பார், அவர் இவரை மாப்பிள்ளை என்பார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடி மாடு இருந்தது, மாடு போனபிறகு ஒரு மருந்தடிக்கிற மிஷின் இருந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இரண்டு பேரும் சங்கரன்கோவில் வந்து என் வீட்டில்தான் தங்குவார்கள். சிவன் பெரிதா பெருமாள் பெரிதா என்று அந்தக் கோயிலே இரண்டும் ஒன்று என்று தீர்த்துவைத்த வழக்கை, பரோட்டாக் கடையில் உட்கார்ந்து திரும்பவும் தொடங்குவார்கள். என் மனைவி சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோவாள். ஊருணி வற்றிப்போன பிறகு ஊரில் தண்ணீர் நிற்கிற ஒரே கிணறு அண்ணன் கிணறு. நீர்மாலைக்கும் அங்கேதான் வந்தார்கள். அண்ணன் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பார், ஊர் குடத்தில் பிடித்துக்கொண்டு போகும். தண்ணீர் அவருடையது, கை மட்டும் ஆகாது.

இப்போது என் பங்கைச் சொல்லவேண்டும். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஊர்க்காரர்கள் கோட்டைக்கு ஒரு நினைவு வளைவு கட்டினார்கள். பஸ் நிற்கிற இடத்தில் வளைவு, அதன் தூணில் ஒரு கருப்புக் கல். கல்லில் வைக்க நாலு வரி எழுதித் தரச் சொல்லி என் வீட்டுக்கு வந்தார்கள். முதலில் எழுதிக் கொடுத்ததில் சண்டையும் வீரமும் மட்டும்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து ஊர்த்தலைவர் திரும்ப வந்தார். அவர் பெரியவர், பதவிசாகப் பேசுகிறவர்.

"சார், பீரங்கிக்கே அசையாத கோட்டைன்னு எழுதியிருக்கிய. நல்லாருக்கு. அப்புறம் எப்படி விழுந்துச்சுன்னு படிக்கவன் கேப்பாம்லா?"

விளைவை எழுதிவிட்டுக் காரணத்தை விட்டால் நானே மதிப்பெண் குறைப்பவன். ஒரு வரி சேர்த்தேன். உள்ளிருந்தே காட்டிக் கொடுக்கப்பட்டதால் நீர்வழி அடைபட்டுக் கோட்டை வீழ்ந்தது என்று எழுதினேன். பெயர் போடவில்லை. பெயர் போடாவிட்டாலும் விளங்குகிற ஊர் அது.

ஏன் எழுதினேன் என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்தேன். ஊர் என்னைத் தேடி வந்து கேட்டுவிட்டது என்ற மப்பு ஒன்று. இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த வரியை எழுதும்போது நான் ஊர்க்காரனாக இருந்து எழுதினேன், மடைக்காரன் வீட்டுப் பிள்ளையாக இல்லை. கக்கத்தில் துண்டோடு நிற்கிற வரிசையை விட்டு ஒரு நாளைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்ட மாதிரி ஒரு சுகம்.

திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். அண்ணன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு என்னைக் கல்லுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"வாசி பாப்போம். நீ எழுதுனத நானும் கேக்கேன்."

வாசித்தேன். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "நல்லாருக்குல" என்றார்.

போன வருஷம் அண்ணனின் கூட்டாளிக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிற்று. சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முகம் வீங்கிக் கிடந்தார். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் இட்லி வாங்கிக்கொண்டு போனபோது கூட்டாளி அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் மகனும் அங்கே நின்றான், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவன்.

"மாப்ள, எனக்கு நீதான் தண்ணி எடுக்கணும். ஊரு என்னமும் சொல்லட்டு. உங் கையால ஒரு கொடம் என் மேல விழணும்."

அண்ணன் எழுந்தார். என்னோடு வெளியே வந்து டீக்கடையில் நின்றார். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"ஏலே, நீ படிச்சவன்லா. வெள்ளைக்காரன் எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பாம்னு சொல்லுவியே. நம்ம வீட்டு ஆளுதான் காட்டிக் குடுத்தாரான்னு பாரு. நெசம்னா நெசம்னு சொல்லிரு. நான் அவன்ட்டச் சொல்லிக்கிடுதேன்."

அறுபத்தெட்டு வயதில் அவர் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது.

ரயில் ஏறிச் சென்னைக்குப் போனேன். ஆவணக் காப்பகத்தில் எட்டு நாள் உட்கார்ந்தேன். தூசியில் கண் எரிந்தது. எட்டாம் நாள் மத்தியானம் எங்கள் ஊர்ப் பெயர் தென்பட்டது. ஆங்கிலத்தில் நாலு எழுத்து பிசகியிருந்தாலும் எங்கள் ஊர்தான். பக்கத்து ஊர்களின் பெயர்களும் குளத்தின் பெயரும் பொருந்தின. படையை நடத்திவந்த ஒரு துரை மேலிடத்துக்கு எழுதிய அறிக்கை அது. பீரங்கியோடு காலையில் வந்து சேர்ந்தபோது கோட்டைக் கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஆள் இல்லை, அடுப்புச் சாம்பல் சூடு ஆறியிருக்கவில்லை, தெப்பத்தில் தண்ணீர் நிறைய இருந்தது, குதிரைகளுக்குக் காட்டினோம், மறுநாள் பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் பிடித்து வந்து சுவரை இடித்தோம். இவ்வளவுதான் விஷயம்.

முற்றுகையும் இல்லை, தாகமும் இல்லை. காட்டிக் கொடுக்க எதுவுமே இருந்திருக்கவில்லை. முந்தின வாரம் பக்கத்துக் கோட்டை ஒன்றில் பெண்டு பிள்ளைகளோடு எல்லாரையும் கொன்றுபோட்டதாக அதே அறிக்கையில் இருந்தது. அந்தச் செய்தி கேட்டு எங்கள் ஜனங்கள் காட்டுக்குள் போயிருக்கிறார்கள். போனதால்தான் நாங்கள் எல்லாரும் பிறந்திருக்கிறோம். ஒருவேளை துரை பொய் எழுதியிருப்பானோ என்றும் யோசித்தேன். சண்டை போட்டுப் பிடித்தேன் என்று புளுகினால் அவனுக்குப் பெயர் கிடைக்கும். வெறுங்கோட்டையைப் பிடித்தேன் என்று எவன் புளுகுவான்?

நகல் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அண்ணனிடம் போய், "நம்ம வீட்டு ஆளு யாரையும் காட்டிக் குடுக்கலண்ணே, எழுத்துல இருக்கு" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. கொஞ்ச நேரம் விடவே இல்லை. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தவரிடம் ஊர் ஓடிப்போன கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர்த்தலைவரிடம் எப்போது பேசப்போகிறாய் என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன்.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. மழை என்றேன், மூட்டுவலி என்றேன். ஊர்த்தலைவரிடம் அந்தத் தாளைக் காட்டினால் கல்லைப் பற்றிப் பேச்சு வரும். பேச்சு வந்தால் அண்ணன் காதுக்குப் போகும். தாள் என் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. வரலாற்று வாத்தியாருக்கு ஒரு உண்மையை ஒளித்துவைக்க எத்தனை நேர்த்தியாகத் தெரிகிறது என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்ததே தவிர எழுந்து போகவில்லை.

ஆவணியில் ஒரு காலையில் போன் வந்தது. கூட்டாளி போய்விட்டார்.

தாளைப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். நான் போனபோது நீர்மாலைக்குக் குடங்களைக் கழுவி வரிசையாக வைத்திருந்தார்கள். அண்ணன் ஓரத்தில் நிற்கவில்லை. நடுமுற்றத்தில் நின்றார். துண்டு தோளில் கிடந்தது. கூட்டாளியின் மகன் ஒரு பித்தளைக் குடத்தை எடுத்து அண்ணனிடம் நீட்டினான்.

"மாமா, அப்பா சொல்லிட்டுப் போயிருக்காவ. நீங்க எடுங்க."

அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கொட்டு நின்றுவிட்டது. ஊர்த்தலைவர் கிட்டே வந்து மெதுவாகத்தான் பேசினார்.

"ஏ மாப்ள, அவரு கேட்டது எல்லாருக்கும் தெரியும். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. நாளப்பின்ன ஊருல ஒரு பேச்சு வந்திரக் கூடாது."

"முறையே தப்பு" என்றார் அண்ணன். அவர் ஊருக்கு நடுவில் குரல் உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. "எந் தம்பி மெட்ராஸ் போயி பாத்துட்டு வந்துட்டான். எங்க வீட்டுல ஒருத்தரும் காட்டிக் குடுக்கல. எழுத்துல இருக்கு. ஏலே, சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தாளை எடுத்தேன்.  கதவு திறந்து கிடந்தது, தெப்பம் நிறையத் தண்ணீர் இருந்தது, உள்ளே ஆள் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அப்பம் சண்டையே போடாம ஓடிட்டாங்கன்னு சொல்லுதீயளா?" என்று ஒருவர் கேட்டார்.

"உயிரக் காப்பாத்திக்கிட்டாங்க" என்றேன்.

"யாரு சொன்னா? வெள்ளைக்காரனா? நம்ம தாத்தன எதுத்து வந்தவன் எழுதுன தாள வச்சிக்கிட்டு, நம்ம ஊர ஓடிப்போன ஊருங்கிய."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். ஓடிப்போனது அவருக்கும் புதுச் செய்திதான். ஊர்த்தலைவர் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். அவர் குரலில் குத்தல் ஏதும் இல்லை, நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"சார், கோவிக்கக் கூடாது. உள்ள இருந்தே காட்டிக் குடுத்ததாலதான் விழுந்துச்சுன்னு கல்லுல எழுதிக் குடுத்தது நீங்கதான. நாங்களா எழுதுனோம்? இப்பம் இல்லங்கிய. நாங்க எத நம்ப?"

நான் தாளை மடித்தேன்.

"கல்லுலயா?" என்று அண்ணன் கேட்டார். ஊர்த்தலைவரைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. கையிலிருந்த குடத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கூட்டாளியின் மகன் கையில் திரும்பக் கொடுத்தார்.

"நீ எடு மக்கா. வெயில் ஏறுது. நான் முன்னால போயி மோட்டரப் போடுதேன்."

கொட்டு திரும்பவும் தொடங்கியது. கிணற்றடியில் தண்ணீர் குபுகுபுவென்று தொட்டியில் விழுந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து பிடித்தார்கள். வெள்ளை வேட்டியின் நிழலில் வரிசையாகப் போனார்கள். அண்ணன் மோட்டார் அறையின் வாசலில் சுவிட்சில் கை வைத்தபடி நின்றார். கடைசி ஆள் போனபிறகும் மோட்டாரை நிறுத்தவில்லை. தண்ணீர் தொட்டி நிரம்பி வழிந்து கரிசலில் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் போய் நிறுத்தினேன். பக்கத்தில் நின்றிருந்தும் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் எல்லாம் முடிந்து குளித்துவிட்டு என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். எப்போது போனாலும் வந்து ஏற்றிவிடுவது அவர் வழக்கம், அன்றைக்கும் மாற்றவில்லை. வளைவுக்குக் கீழே வந்ததும் கல்லுக்கு முன்னால் நின்றார்.

"அது எதுல?"

எனக்குப் புரிந்தது. கடைசி வரியைத் தொட்டுக் காட்டினேன். அவர் அந்த எழுத்துகளின் மேல் ஒரு விரலை வைத்து முதலிலிருந்து கடைசி வரை நகர்த்தினார். கல்லில் வெட்டிய பள்ளத்தில் விரல் ஏறி இறங்கியது.

"அன்னைக்கு இத நீ வாசிக்கல."

"இல்லண்ணே."

"ஓடிப்போனதையும் எங்கிட்டச் சொல்லல."

"இல்ல."

தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவர் விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நம்ம ஊருக்கு யாரு வந்தாலும் நான் இங்கன கூட்டிட்டு வந்து காட்டுவேம்ல, எந் தம்பி எழுதுனதுன்னு."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் கையைக் காட்டவில்லை, கல்லைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். இந்த நான்கு வருஷத்தில் யார் யாரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். சம்பந்தக்காரர்கள் வந்திருப்பார்கள், உரக்கடைக்காரர் வந்திருப்பார், மேலநீலிதநல்லூரிலிருந்து பருத்தி விதை கொண்டுவருகிற ஆள் வந்திருப்பார். அவர் கூட்டாளியும் எத்தனையோ தடவை அங்கே நின்றிருப்பார். அத்தனை பேருக்கும் வாசிக்கத் தெரியும்.